மாடித் தோட்டத்துக்குக் கீழே ஒரு வீடு

தலைமை நாற்காலி தனக்கு வேண்டாம் என்று தயங்கித் தயங்கி, நாங்கள் தள்ளாத குறையாகத் தள்ளிக்கொண்டு வந்து அமர்த்தியிருக்கும் ஐயா ரத்தினவேல் அவர்களே! வல்லத்திராக்கோட்டையிலிருந்து கத்தரி நாற்றுகளைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்திறங்கியிருக்கும் அண்ணன் இன்னாசி அவர்களே! அடுப்படியில் கழித்த தோலையும் தொலியையும் ஆபரணம் போல அடைகாத்து உரமாக்கும் அன்புத் தாய்மார்களே! வேலைக்கு ஓடுகிற வேகத்திலும் வேருக்கு ஒரு வாய்த் தண்ணீர் வார்த்துவிட்டுச் செருப்பை மாட்டுகிற சகோதரிகளே! ஒரு வெண்டைக்காய் காய்த்தால் ஒன்பது கோணத்தில் படம் பிடித்து நம் வாட்ஸ்அப் குழுவைத் திணறடிக்கும் தம்பிமார்களே! சான்றோர்களே, பெரியோர்களே! மண் ஒட்டிய உங்கள் கைகளுக்கெல்லாம் என் மனம் ஒட்டிய வணக்கம்.

நான் அன்புமொழி. அன்னவாசல் பக்கத்தில் அரசுப் பள்ளியொன்றில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். என்னைத் தெரியாதவர்களுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு: மாவுப்பூச்சிக்கு மருந்து கேட்டுக் குழுவில் மாதந்தோறும் புலம்புகிறவள் நான்தான்.

பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? கேட்கிறது என்று கையசைக்கிறார்கள். நல்லது.

நம் வீட்டுத்தோட்ட நண்பர்கள் குழுவின் இந்த ஆண்டுக் கூடுகையில் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, 'மாடித் தோட்டத்தின் மகிமை'. மகிமை பேசுவதற்கு எனக்கென்ன கசக்கவா போகிறது? நாம் ஏன் கூடுகிறோம்? சந்தையில் கிடைக்காத காயா நம் மாடியில் காய்த்துவிடுகிறது? கடையில் இல்லாத கீரையா நம் தொட்டியில் தளிர்த்துவிடுகிறது? இல்லையே! பிறகு ஏன் ஞாயிறுதோறும் ஒருவர் மாடியில் ஒருவர் ஏறி நிற்கிறோம்? ஒரு பூ பூத்தால் அதை இன்னொருவர் கண்ணுக்குக் காட்டாமல் நமக்கு இருப்புக்கொள்வதில்லை. ஒரு கொடி வாடினால் அதை இன்னொருவர் காதில் போடாமல் நமக்கு உறக்கம் வருவதில்லை. செடி நம்முடையது, செடியால் வரும் சந்தோஷம் நால்வருடையது. அந்தப் பங்குதான் நம்மைச் சேர்த்தது. அந்தப் பங்குதான் நம்மைச் சேர்ந்தே வைத்திருக்கிறது.

ஆனால் அவையோரே, இன்று நான் மகிமை பேசப் போவதில்லை. சென்ற மழைக்காலத்தில் நம்மில் ஒருவருக்கு நேர்ந்ததைப் பேசப் போகிறேன். இதோ, இன்னாசி அண்ணன் இப்போதே மேல்துண்டால் முகத்தைத் துடைக்கிறார். பயப்படாதீர்கள் அண்ணே, உங்களை நல்லபடியாகத்தான் இறக்கி வைப்பேன்!

இதைச் சொல்வதற்கு உரியவர்களிடம் ஒப்புதல் வாங்கிவிட்டேன். இன்று தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் ரத்தினவேல் ஐயா தலையசைத்தார். அவர் துணைவியார் செவந்தி அக்காவோ நேற்று என்னிடம் சொன்னார்: "பேரச் சொல்லியே பேசு அன்பு. யாரோ எவரோன்னு கதையாக்கிப்புடாத." அதனால் பெயரைச் சொல்லியே பேசுகிறேன்.

இரண்டாம் வரிசையில் மஞ்சள் புடவையில் அமர்ந்திருக்கிறாரே, அவர் சத்யபிரியா. ஒரு மருத்துவமனையின் வரவேற்பில் வேலை. கணவர் கோபிநாத்துக்குக் கத்தாரில் வேலை. ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கும் நம் தலைவர் வீட்டு மாடியில்தான் சத்யபிரியா குடியிருக்கிறார். அந்த மாடியில் பாதி வீடு, பாதி வெட்டவெளி. கீழ்த்தளம் முழுக்க வீட்டுக்காரர் புழங்குவது. வெட்டவெளியில் செடி வைத்துக்கொள்ளலாமா என்று சத்யபிரியா கேட்டபோது, "வச்சுக்கம்மா" என்று ஒரு சொல்லில் உத்தரவு கொடுத்தவர் நம் ஐயா.

அந்தத் தோட்டத்தைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். தக்காளி ஒரு பக்கம், தளதளத்த தண்டங்கீரை ஒரு பக்கம். பழைய டிரம் ஒன்றில் முருங்கை. பைகளில் பச்சை மிளகாய், பாகல், புதினா. அத்தனைக்கும் நடுவே ஆடிப்பட்டத்தில் ஊன்றிய சுரை, மூங்கில் பந்தலில் முழுதாகப் படர்ந்து, மாலையானால் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நின்றது. தினமும் கணவர் கைப்பேசியில் அழைத்தால் சத்யபிரியா முதலில் தன் முகத்தைக் காட்ட மாட்டார், பந்தலைத்தான் காட்டுவார். "கொடி ரெண்டாவது கம்பத் தாண்டிருச்சு, பாருங்க." கடல் கடந்து இருக்கும் கணவனும் இங்கே இருக்கும் மனைவியும் பிரிவைப் பேசி அழாமல் பிஞ்சைப் பேசிச் சிரித்தார்கள். இதைவிடப் பெரிய மகிமை எந்தத் தோட்டத்துக்கு இருக்கிறது?

ஐப்பசி அடைமழை வந்தது. ஒரு நாள் காலை, ஐயா படியேறி மேலே போனார். பைகளை ஒருமுறை பார்த்தார். "செடியெல்லாம் எடுத்துரும்மா. மாடி எனக்கு வேணும்" என்றார்.

"ஏங்கய்யா, நான் எதும் தப்புப் பண்ணிட்டனா?"

"தப்பு ஒண்ணுமில்ல. எடுத்துரு. அவ்ளோதான்."

காரணம் கேட்டார் சத்யபிரியா. மழை விடட்டும் என்றார். ஐயா இறங்கிப் போய்விட்டார்.

அன்று நம் குழுவில் சத்யபிரியா அனுப்பிய குரல்பதிவை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பாதிப் பேச்சு, பாதி விம்மல். கேட்டதும் கொதித்தது குழு! 'அதெப்படிச் சொல்லலாம்' என்றார் ஒருவர். 'எல்லாருமாகப் போய்க் கேட்போம்' என்றார் இன்னொருவர். அரசுப் பேருந்தை ஓட்டி ஓய்வுபெற்ற இன்னாசி அண்ணன், தம் ஹாரனைவிடப் பெரிய குரலில் ஒரு பதிவு போட்டார்: "யாரும் வருத்தப்படாதீங்க. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு நேரா வாரேன். நான் பேசிக்கிறேன்."

சிரிக்காதீர்கள். அன்று அந்தக் குரல்தான் சத்யபிரியாவுக்குச் சோறு இறங்கச் செய்தது.

ஞாயிறு வந்தது. தூறல் விடவில்லை. நாங்கள் ஒரு சிலர் குடை பிடித்துக்கொண்டு போனோம். முன்னால் இன்னாசி அண்ணன். வாசல் கேட்டைத் திறந்து வந்த ஐயாவுக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

"ஏங்க, தனியா இருக்குற பொம்பளப் புள்ள, ஆசையா நாலு செடி வச்சா அது ஒங்கள என்னங்க பண்ணுது?"

"என் வீட்டு மாடி. நான் கேக்குறேன். நீங்க யாரு?"

"நாங்க அந்தப் புள்ளைக்கு வேண்டியவங்க. காரணத்தச் சொல்லுங்க, போயிடுறோம்."

"சொல்றதுக்கு இல்ல. போங்க."

"மனுசன்னா ஒரு காரணம் சொல்லணும்ல!"

ஐயாவின் முகம் இறுகியது. கேட்டைச் சாத்தக் கை நீண்டது. அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல். சற்றே குழறிய பெண் குரல்.

"யாருங்க அது? உள்ள வரச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல செவந்தி. இந்தா அனுப்பிட்டு வாரேன்."

"மழையில நிக்க வச்சுப் பேசாதீங்க. வரச் சொல்லுங்க."

ஐயா அசையவில்லை. உள்ளே இருந்தவர் மூன்றாம் முறையும் அழைத்தார். அதன் பிறகே கதவு முழுதாய்த் திறந்தது.

அவையோரே, மாடியிலிருந்து இறங்கி வந்த சத்யபிரியாவும் நாங்களும் அந்த அறைக்குள் போனோம். என்ன கண்டோம்? கட்டில், சுவரோரம் இருந்த இடத்திலிருந்து இழுக்கப்பட்டு, அறைக்கு நடுவே கோணலாய்க் கிடந்தது. அதற்கு மேலே நான்கு மூலையும் கயிறு கட்டித் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். தார்ப்பாயின் நடுவில் நீர் தேங்கி, தொங்கி, சொட்டுச் சொட்டாய் ஓர் ஈயப் பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் ஈரம். கட்டிலில் செவந்தி அக்கா. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, ஒரு வருடத்துக்கு மேலாகப் படுக்கையில் இருப்பவர். 'அக்காவுக்கு உடம்பு சுகமில்லை' என்ற அளவில்தான் சத்யபிரியாவுக்கே தெரியும். கீரை பறித்தால் ஒரு கட்டு கொடுப்பார். வாசலிலேயே ஐயா வாங்கிக்கொள்வார். உள் அறைக்குச் சத்யபிரியா அன்றுதான் முதன்முறை போகிறார்.

வந்த வேகம் எங்கே போனது? வாய் நிறையக் கொண்டுவந்த வாதம் எங்கே போனது? இன்னாசி அண்ணன் கையில் குடை இருந்தது; அதிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. அவர் அவசரமாக அதை வெளியே வைக்கப் போனார்.

சத்யபிரியா கட்டிலருகே குனிந்தார். "அக்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே?"

"அவர நாந்தான் தடுத்தேன்த்தா. சொன்னா எல்லாரும் பாக்க வருவாக. இந்தக் கோலத்துல யாரும் என்னயப் பாக்க வேணாம்னு சத்தியம் வாங்கிட்டேன்." அக்கா சற்று மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா ஒன்னய எனக்கு நல்லாத் தெரியும். காலையில வெரசா நடப்ப. சாயங்காலம் அங்கிட்டும் இங்கிட்டும் மெல்ல நடப்ப. ஒரு எடத்துல மட்டும் ரொம்ப நேரம் நிப்ப. அங்க என்ன செடி இருக்கு?"

"சுரைக்கொடிக்கா."

"காச்சிருக்கா?"

"காச்சிருக்கு."

கேட்டீர்களா தாய்மார்களே! நாம் மாடியில் நின்று பார்த்த தோட்டத்தை, அந்த அம்மா தளத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு காதால் பார்த்திருக்கிறார்! நாம் பூவைப் பார்த்து மகிழ்ந்தோம். அவர் காலடியைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறார்! நாம் வார்த்த தண்ணீர் வேரை நனைத்தது என்று நாம் நினைத்தோம். அது அவர் படுக்கையை நனைத்திருக்கிறது!

ஐயா அப்போதுதான் வாய் திறந்தார். "செடி மேல எனக்கு என்னங்க கோவம்? நனையிறது இவ. நான் எப்படிப் பாத்துக்கிட்டு இருக்குறது?"

"நனையிறது நானு. நாந்தான் சொல்றேன்ல, செடி இருக்கட்டும்னு" என்றார் அக்கா.

"வேணாம்க்கா" என்றார் சத்யபிரியா. "இன்னைக்கே எறக்குறோம்."

கவனியுங்கள். மனைவி நனையக் கூடாது என்று கணவர். தோட்டம் போகக் கூடாது என்று மனைவி. அக்கா நனைய என் தோட்டம் எதற்கு என்று சத்யபிரியா. மூன்று பேரும் அடுத்தவருக்காகவே வாதாடினார்கள். பட்டிமன்றத்தில் எத்தனையோ வழக்காடியிருக்கிறேன். இப்படி ஒரு வழக்கை நான் கண்டதில்லை.

தீர்ப்புச் சொன்னவர் இன்னாசி அண்ணன். ஐயாவுக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். "ஐயா, மரியாதையில்லாமப் பேசிப்புட்டேன். மன்னிச்சுக்கங்க. மாடிக்குப் படி எந்தப் பக்கம்?"

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். அவருக்குத் தகும்.

அன்று தூறலில் நனைந்தபடி மாடிப் படியில் ஆளுக்கொரு இடத்தில் நின்றோம். பைகள் கைமாறிக் கைமாறிக் கீழே இறங்கின. நனைந்த மண் பையின் கனம் உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற ஐயா, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தாமும் வரிசையில் வந்து நின்றார். முருங்கை டிரம்மை நகர்த்தியபோதுதான் நோயின் மூலம் தெரிந்தது. டிரம்மின் அடித் துளை வழியே வேர் வெளியேறி, தரையில் பதித்த தட்டோட்டின் இடுக்குக்குள் புகுந்திருந்தது. பைகளிலிருந்து கரைந்த மண், மழைநீர் இறங்கும் குழாயை அடைத்திருந்தது. பெய்த மழை போக வழியில்லாமல் வேர் காட்டிய வழியில் கீழே போயிருக்கிறது.

எல்லாம் இறங்கியது, ஒன்றே ஒன்று இறங்கவில்லை. சுரைக்கொடி. பந்தலோடு பின்னிப் பிணைந்த கொடியைப் பிரிக்க முடியுமா? வேர் இருந்த பெரிய தொட்டியை எடுத்தாக வேண்டும். எடுத்தால் கொடி போகும். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சத்யபிரியா யாரையும் கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார். தானே அறுத்தார். பிஞ்சுகளோடு பந்தல் சரிந்தது.

அன்று மாலை கத்தாரிலிருந்து அழைப்பு வந்தது. "பந்தல் எங்க பிரியா?"

"அறுத்துட்டேங்க."

"அழுதியா?"

"மேல எல்லாரும் இருந்தாங்க, அழுகல. கீழ எறங்கிப் போய் அழுதேன்."

அன்பானவர்களே, நாம் நல்லவர்கள். செடியை நேசிக்கிறவர்கள். தோட்டக்காரர்கள் யாருக்குமே தீங்கு செய்ய நினையாதவர்கள். ஆனால் நல்ல மனம் மட்டும் போதுமா? நாம் ஊற்றும் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று குனிந்து பார்த்தோமா? நாம் வளர்க்கும் வேர் எவர் கூரையைத் துளைக்கிறது என்று தொட்டுப் பார்த்தோமா? அந்த வீட்டுக்காரரின் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கும் என்று, ஒரே ஒரு நிமிடம், உட்கார்ந்து யோசித்தோமா? இலையின் நிறம் மாறினால் ஏன் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, ஒரு மனிதரின் முகம் மாறினால் ஏன் என்று கேட்கத் தெரிய வேண்டாமா? பூச்சி எங்கே ஒளிந்திருக்கிறது என்று இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கிற பொறுமையில் பாதியையாவது சக மனிதரிடம் காட்ட வேண்டாமா?

தை பிறந்து வெயில் அடித்தது. கொத்தனார் வந்து தட்டோட்டைப் பெயர்த்து, வேரை எடுத்து, தளத்தைச் செப்பனிட்டார். அறை காய்ந்தது. கட்டில் பழைய சுவரோரத்துக்குப் போகவில்லை. ஜன்னலை ஒட்டிப் போட்டார் ஐயா. இறக்கிய பைகளெல்லாம் அந்த ஜன்னலுக்கு வெளியே, வீட்டைச் சுற்றிய காலி இடத்தில் வரிசையாய் நின்றன. காதால் கேட்ட தோட்டத்தை அக்கா கண்ணால் பார்த்தார். பார்த்ததோடு நின்றாரா? "சும்மா பாத்துக்கிட்டே எம்புட்டு நேரம் கெடக்குறது? எதாச்சும் வேல குடு" என்று சத்யபிரியாவைக் கேட்டார்.

சத்யபிரியா ஒரு நாற்றுத் தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பி அவர் மடியில் வைத்தார். மிளகாய் விதையை இடது கை விரலால் எடுத்து, ஒவ்வொரு குழியிலும் ஒன்றாகப் போட்டார் அக்கா. முதல் நாள் விதை சிந்தியது. போர்வையெல்லாம் மண். எரிச்சலில் தட்டைத் தள்ளிவிட்டு, "எடுத்துட்டுப் போ" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சத்யபிரியா கூட்டித் துடைத்துவிட்டு, மறுநாளும் அதே தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

அதிசயம் எதுவும் நடக்கவில்லை அவையோரே. அக்கா எழுந்து நடக்கவில்லை. விழுந்த கை இன்னும் விழுந்த கைதான். மேடையில் நிற்பதால் மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மிளகாய் முளைத்தது. இந்த ஆண்டு நம்மில் பலர் வீட்டில் வளர்ந்த மிளகாய், அந்த இடது கை ஊன்றியதுதான். நாற்று வாங்க நாம் ஒவ்வொருவராய் அந்த அறைக்குப் போனோம். யாரும் பார்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியவர், "ஏன் போன வாரம் வரல?" என்று கேட்கத் தொடங்கினார்.

முடிக்கும் முன் இன்னும் ஒன்று. நேரமாகிவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். காட்டட்டும், அவர் வீட்டு மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான்!

சென்ற மாதம் அக்காவைப் பரிசோதனைக்காகப் புதுக்கோட்டைக்குக் காரில் கூட்டிப் போனார்கள். ஐயாவும் சத்யபிரியாவும் உடன் போனார்கள். முன்பெல்லாம் அக்கா காரில் ஏறினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாராம். கண்ணாடியை இறக்க விட மாட்டாராம். அன்று மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது திடீரென்று, "வண்டிய வல்லத்திராக்கோட்டைக்கு விடச் சொல்லுங்க" என்றிருக்கிறார்.

ஐயா பதறிப்போனார். "என்ன செவந்தி, என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. இன்னாசி வீட்டுல என் மிளகா எப்படி இருக்குன்னு பாக்கணும்."

கார் போய் இன்னாசி அண்ணன் வீட்டு வாசலில் நின்றது. அக்காவால் இறங்க முடியாது. அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? ஓடிப்போய், காய்த்துக் குலுங்கிய மிளகாய்ச் செடியைப் பையோடு தூக்கி வந்து, திறந்த கார்க் கதவுக்குள் அக்காவின் மடியருகே வைத்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அக்கா முகத்தை மூடவில்லை. இடது கையால் ஒரு மிளகாயைப் பறித்தார். எல்லோரும் பார்க்க, அதைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாய்க் கொட்டியது. ஐயா தண்ணீர்ப் பாட்டிலைத் தேடினார். அக்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கோணிய வாயால் சிரித்தார்.

"காரம் சரியா இருக்கு" என்றார்.

அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. சத்யபிரியா சொல்லித்தான் தெரியும். ஆனால் நம் தலைவர் பார்த்தார். இதோ, இப்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நண்பர்களே! தோட்டம் போடுங்கள்! மாடி நிறையப் போடுங்கள், மனம் நிறையப் போடுங்கள்! போடும்போது உங்கள் தளத்துக்குக் கீழே யார் படுத்திருக்கிறார் என்று கேளுங்கள்! உங்கள் சுவருக்கு அப்பால் யார் பேச்சின்றி இருக்கிறார் என்று கேளுங்கள்! கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், கையில் ஒரு நாற்றோடு போய்க் கதவைத் தட்டுங்கள்! மெல்லத் தட்டுங்கள்! திறக்கவில்லை என்றால் மறுவாரமும் போய்த் தட்டுங்கள்! திறக்கும் வரை தட்டுங்கள்!

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, தட்ட வேண்டிய இடத்தில் தட்டிய தாய்மார்களுக்கும், தம் வீட்டுக் கதையை நம் அனைவரின் கதையாக ஒப்படைத்த தலைவர் ஐயாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் வீட்டு மண்ணெல்லாம் விளையட்டும். உங்கள் வீட்டுக் கதவெல்லாம் திறக்கட்டும். வணக்கம்.